தொட்டி நீருக்கு முன் குழாய் நீர்

வாரம் தவறாமல் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனாலும் தொட்டியில் நைட்ரேட் அளவு 100ஐ விட்டு இறங்க மறுக்கிறது. ஏன்?

எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கேட்ட இந்தக் கேள்வி நைட்ரஜன் சுழற்சிப் பாடத்தில் தொடங்கியது. பத்தாம் வகுப்புக் கணக்கு வழியாகச் சென்று, கடைசியில் ஊர்க் குடிநீர் வரை வந்து நின்றது. மற்ற பள்ளிகளில் கடல்நீர்த் தொட்டி இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. நன்னீர்த் தொட்டி, ஏன், ஒரு வாளியும் சோதனைப் பெட்டியும் இருந்தாலே இதில் பெரும்பகுதியைச் செய்து பார்க்கலாம்.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் வெகுதூரம். மீன்தொட்டிக் கடை நடத்திய முன்னாள் மாணவர் ஒருவர், கடையை இடம் மாற்றியபோது 80 லிட்டர் கடல்நீர்த் தொட்டியைப் பள்ளி ஆய்வகத்துக்குக் கொடுத்தார். கூடவே இரண்டு கோமாளி மீன்கள். அவை கடலில் பிடித்தவை அல்ல, குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்தவை. நம் நாட்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்த மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியிருப்பதைப் பாடத்தோடு சேர்த்துச் சொன்னேன். பவளமும் கடற்குதிரையும் வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். அவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. பள்ளியானாலும் வைத்திருக்கக் கூடாது. அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

கடல்நீரை நாங்களே தயாரிக்கிறோம். ஆய்வகக் குழாயில் வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, அடர்த்திமானியில் 1.025 வரும்படி பார்த்துக்கொள்வோம். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு ஆகும். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட் எல்லாம் உண்டு.

மீன் தின்கிறது, கழிவை வெளியேற்றுகிறது. கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அம்மோனியா வருகிறது. வடிகட்டியில் உள்ள பீங்கான் வளையங்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக்குகிறது. புத்தகப் படத்தில் நைட்ரேட்டாதல் என்று ஒற்றை அம்புக்குறி இருக்குமே, அதுதான் இது. மூன்றில் நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. ஆனால் ஆக்சிஜன் நிறைந்த சிறிய தொட்டியில் அது வெளியேற வழி இல்லை. அடுத்த அம்புக்குறியான நைட்ரேட் வெளியேற்றத்துக்கு ஆக்சிஜன் இல்லாத இடம் வேண்டும். அது சேற்றிலும் ஆழ்ந்த மணலிலும்தான் கிடைக்கும். அதனால் நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். கண்ணாடியில் பழுப்புப் பாசி படரும். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் நைட்ரேட் கூட இருக்காது. அப்படிப்பட்ட நீரில் வாழும் இனத்தை 100இல் வைத்திருந்தால், உடனே சாகாது என்றாலும் அதன் நலனுக்கு நல்லதல்ல. மீன் மட்டும் உள்ள தொட்டிகளில் இதை 20, 30 அளவில் வைத்திருக்கவே வளர்ப்பவர்கள் பார்ப்பார்கள்.

தண்ணீர் மாற்றினால் நைட்ரேட் குறையும் என்பதுதான் வழக்கமான பதில். எங்களுக்குக் குறையவில்லை. "அப்ப நாம ஊத்தற தண்ணியிலயே இருக்குதோ என்னமோ டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. ஆய்வின் திருப்பம் அதுதான்.

குழாயைச் சோதித்தோம்

மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் நைட்ரேட் சோதனைப் பெட்டியைத்தான் பயன்படுத்தினோம். இதன் வேதியியலை மேல்வகுப்பில் சொல்லலாம். உலோகத் தூள், பெரும்பாலும் துத்தநாகம், நைட்ரேட்டை நைட்ரைட்டாக ஒடுக்குகிறது. நைட்ரைட் மற்ற வினைபொருள்களுடன் சேர்ந்து சிவப்பு நிற அசோ சாயத்தைத் தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீட்டர் கிரீஸ் கண்டறிந்த வினை இது. தூள் புட்டியின் அடியில் படிந்துவிடும் என்பதால் இரண்டாம் புட்டியை நன்றாகக் குலுக்கவேண்டும். குறிப்பில் அரை நிமிடம் குலுக்கச் சொன்னால் அரை நிமிடம் குலுக்கத்தான் வேண்டும். சோம்பல்பட்ட குழுவுக்கு எப்போதும் குறைந்த அளவுதான் வரும். ஒரே நீரை இரண்டு குழுக்களிடம் கொடுத்தால் இது தெரிந்துவிடும். கையுறை கட்டாயம். சோதித்த நீரைத் தொட்டியிலோ செடியிலோ கொட்டாமல் தனிப் புட்டியில் சேர்த்துவைக்கிறோம்.

நிற அட்டையில் 40க்கு மேல் எல்லாச் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் 1 மில்லிலிட்டர் மாதிரியுடன் 4 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்து, வரும் அளவை ஐந்தால் பெருக்கினோம். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் போதும். அதில் நைட்ரேட் இல்லை என்பதை முதலில் சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். தொட்டி நீர் இப்படி 20 காட்டியது, அதாவது 100. ஆழ்துளைக் கிணற்று நீர் 10க்கும் 20க்கும் நடுவில் நின்றது. உப்பு சேர்ப்பதற்கு முன்பே, மீன் வாயில் ஒரு தீனி படுவதற்கு முன்பே, அந்த நீரில் 50க்கு மேல் நைட்ரேட்!

இங்கே ஒரு சச்சரவு வந்தது. பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்கிய இன்னொரு பெட்டியில் அதே நீர் 15 என்று காட்டியது. "அவங்க பெட்டி பொய்" என்றது ஒரு குழு. "நம்ம பெட்டிதான் பொய்" என்றது இன்னொன்று. பெட்டியின் உறையைப் படிக்கச் சொன்னேன். ஒன்று நைட்ரேட் அயனி முழுவதையும் கணக்கில் எடுக்கிறது. மற்றது அதிலுள்ள நைட்ரஜனை மட்டும். நைட்ரேட்டின் மூலக்கூறு நிறை 62, நைட்ரஜனின் அணு நிறை 14. 62ஐ 14ஆல் வகுத்தால் 4.43. 15ஐ 4.43ஆல் பெருக்கினால் 66. இரண்டு பெட்டியும் ஒரே உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. மோல் கருத்தை நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன், "இதுக்குத்தான் மூலக்கூறு நிறையா?" என்று ஒரு மாணவன் கேட்டது அன்றைக்குத்தான்.

நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது அதிகாரபூர்வமான அளவீடு ஆகாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தினால் நீரைச் சோதித்துத் தருவார்கள். ஆய்வக அறிக்கையில் ஆழ்துளைக் கிணற்று நீர் 64. கூடவே கொடுத்த கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் நீர் 6.

உண்டியல் கணக்கு

இந்த இடத்தில் கணித ஆசிரியரை அழைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பின் பெருக்குத் தொடர்வரிசைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது என்றார் அவர்.

100 உள்ள தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 16 லிட்டரை எடுத்துவிட்டு 64 உள்ள நீரை ஊற்றுகிறோம். புது அளவு, 100இன் ஐந்தில் நான்கு பங்கு 80, 64இன் ஐந்தில் ஒரு பங்கு 12.8, ஆக 92.8. அடுத்த வாரம் 87. அதற்கடுத்து 82.4. ஒவ்வொரு வாரமும் 64க்கு மேல் உள்ள மிச்சம் மட்டுமே 0.8 மடங்காகச் சுருங்குகிறது: 36, 28.8, 23, 18.4... ஆண்டு முழுவதும் மாற்றினாலும் 64க்குக் கீழே வராது. ஊற்றும் நீரைவிடத் தொட்டி சுத்தமாக முடியாது என்பதைப் பிள்ளைகள் கரும்பலகையில் எண்களாகப் பார்த்தார்கள்.

"ஆனா நமக்கு 64க்குக்கூட வரலையே டீச்சர்?" சரியான கேள்வி. காரணம் இரண்டு. எங்கள் ஊர் வெயிலுக்குத் தொட்டியிலிருந்து வாரம் ஏறக்குறைய 5 லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை நிரப்ப உப்பில்லாத நீரை ஊற்றுகிறோம். அந்த 5 லிட்டரோடு 320 மில்லிகிராம் நைட்ரேட் உள்ளே போகிறது. 80 லிட்டரில் பரவினால் வாரத்துக்கு 4 கூடுகிறது. இது போக மீன்களின் கழிவு. மாற்றாமல் விட்டுப் பார்த்ததில் அது வாரத்துக்குச் சுமார் 3.

வாரந்தோறும் இப்படிச் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும்? உண்டியல் உதாரணம் சொன்னேன். வாரம் 3 ரூபாய் போடுகிறாய்; வார முடிவில் உண்டியலில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறாய். முதலில் கூடும். 15 ரூபாய் ஆனதும் எடுப்பதும் போடுவதும் சமமாகிவிடும், பிறகு நகராது. ஆக மீன்களால் 15, நிரப்பும் நீரால் 4இன் ஐந்து மடங்கு 20, ஊற்றும் நீரால் 64. கூட்டினால் 99.

அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு ஒரு நொடி அமைதியாகி, பிறகு கைதட்டியது. தொட்டியின் 100இல் மீன்களின் பங்கு 15 மட்டுமே! அதுவரை தீனி அதிகம் போடுகிறான் என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த தொட்டிப் பொறுப்பாளன் நிம்மதியாக மூச்சுவிட்டான்.

எந்த நீரை ஊற்றுவது?

வழிகளை மாணவர்களே பட்டியலிட்டார்கள். படிகாரம் போடலாம், மெழுகுவர்த்தி வடிகட்டியில் வடிக்கலாம், குளோரின் போடலாம், கொதிக்க வைக்கலாம் என்றார்கள். எதுவும் உதவாது. நைட்ரேட் உப்புகள் ஏறக்குறைய எல்லாமே நீரில் கரைபவை. படிகாரத்தில் படியவும் மாட்டா, வடிகட்டியில் தங்கவும் மாட்டா. ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை நீக்கும். அதற்கு விலை உண்டு. 3 லிட்டர் போட்டு 1 லிட்டர் நல்ல நீரும் 2 லிட்டர் கழிவு நீரும் வருவதாகக் கொள்வோம். உள்ளே போன நைட்ரேட் 192 மில்லிகிராம். நல்ல நீரில் 8 இருந்தால் மீதி 184 கழிவு நீரில். லிட்டருக்கு 92! நைட்ரேட் அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. அந்த நீர் எங்கே போகிறது என்று ஆர்.ஓ. வைத்திருக்கும் ஒவ்வொரு பள்ளியும் பார்க்கவேண்டும். நாங்கள் தென்னைக்கு விடுகிறோம். உப்பும் செறிந்திருப்பதால் இளஞ்செடிகளுக்கு விடுவதில்லை. மழைநீர் நல்லதுதான், மழை வந்தால்.

எங்களுக்கு எளிய விடை பள்ளி வாசலிலேயே இருந்தது. கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய், 6. செலவில்லை, கழிவில்லை. குளோரின் மட்டும் போகவேண்டும். திறந்த வாளியில் ஒரு நாள் காற்றுக் குழாய் ஓடவிட்டு, குளோரின் சோதனையில் ஒன்றும் தெரியாத பிறகே உப்பைக் கரைக்கிறோம். ஒரேயடியாக எல்லா நீரையும் மாற்றவேண்டாம் என்று முடிவு செய்தோம்; மீன் பழகவேண்டும். வாரம் 16 லிட்டர்தான். பழைய கணக்கின்படி இனி தொட்டி நிற்கவேண்டிய இடம் 23. பத்து வாரத்துக்குப் பிறகு கணக்குச் சொன்னது 31. நிற அட்டையில் 20க்கும் 40க்கும் இடையில் நின்றது. பாசியும் மெதுவாகக் குறைந்தது.

கொதிக்க வைத்தால்?

கொதிக்க வைத்தல் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு லிட்டர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்து அரை லிட்டராக வற்றவிட்டுச் சோதித்தோம். சிவப்பு இன்னும் கூடியது. நீர் பாதியானால் நைட்ரேட் செறிவு இரு மடங்கு; 64 என்பது 128. கிருமிக்குக் கொதிக்க வைத்தல் சரியான மருந்து, நைட்ரேட்டுக்கு எதிரானது.

இந்தச் சோதனையை முடித்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள். அவளுடைய அக்கா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். குழந்தைக்கு மூன்று மாதம். தாய்ப்பால் போதவில்லை என்று பால் மாவும் கரைத்துக் கொடுக்கிறார்கள். தண்ணீர் வீட்டுக் கிணற்றிலிருந்து. மறுநாள் அந்த நீரைக் கொண்டுவரச் சொல்லிச் சோதித்தோம். ஐந்து மடங்கு நீர்த்த பிறகும் அட்டையில் 20ஐ ஒட்டி நின்றது. கிணற்றடிக்குக் கொஞ்ச தூரத்தில் எருக்குழி.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வேறு நீர் இல்லாவிட்டால் கூடுதலாக ஏற்கலாம் என்று சில பொருள்களுக்குத் தளர்வு உண்டு; நைட்ரேட்டுக்குத் தளர்வே இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளை நினைத்துத்தான் இந்த வரம்பு. வயிற்றில் உள்ள பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும். நைட்ரைட் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டால் அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாயும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் கிணற்று நீரில் கரைத்த பால் குடித்த குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார்.

நான் தனியாகப் போகவில்லை. கிராம சுகாதார செவிலியரையும் அழைத்துக்கொண்டு போனேன். வாத்தியார் வீட்டுக்கு வந்து தண்ணீரைக் குறை சொன்னால் யாருக்கும் பிடிக்காது. குழந்தை நன்றாகத்தான் இருந்தது. செவிலியர் உதட்டையும் நகத்தையும் பார்த்துச் சொன்னார். பாட்டிக்குத்தான் வருத்தம். "நாங்க நல்லாக் கொதிக்க வெச்சு ஆத்தித்தானுங்க குடுக்கறோம் டீச்சரம்மா. ஆத்துத் தண்ணியில மருந்து வாடை அடிக்குதுங்க. கெணத்துத் தண்ணிதான் ருசி." அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, இந்த அளவில் சுவையும் தெரியாது. திட்ட நீரைப் பாத்திரம் கழுவவும், கிணற்று நீரைக் குடிக்கவும் வைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் ஏராளம். பேத்தியே கிணற்று நீரையும் குழாய் நீரையும் இரண்டு குழாய்களில் ஊற்றி, நிறம் வரும் வரை பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஒன்று சிவந்தது, மற்றது மஞ்சளாகவே நின்றது. எங்கள் விளக்கத்தைவிட அது வேலை செய்தது. இப்போது குழந்தைக்குக் குழாய் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுக்கிறார்கள். தாய்ப்பாலைக் கூட்டவும் செவிலியர் வழி சொன்னார்.

அதன்பிறகு மாணவர்கள் தத்தம் தெருவிலிருந்து பதினான்கு இடங்களின் நீரைக் கொண்டுவந்தார்கள். இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். கழுவிக் காயவைத்த புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசிய பிறகே மாதிரி எடுக்கவேண்டும். அன்றே சோதிக்கவேண்டும், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். கிணறு, எருக்குழி, கழிவறைக் குழி, கோழிப்பண்ணை இவற்றின் தூரத்தை அடி எண்ணிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மழைக்கு மூடாமல் குவித்த கோழி எரு, அளவுக்கு மீறிய யூரியா, கழிவறைக் குழிக் கசிவு எல்லாமே மண்ணுக்குள் நைட்ரேட்டாகி இறங்கும். மீன்தொட்டியின் வடிகட்டியில் நடப்பதேதான் அங்கும். ஆனால் ஒரு கிணற்றைக் காட்டி இவருடைய பண்ணையால்தான் என்று மாணவர் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். பதினான்கு மாதிரிகளை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது, சொன்னால் பிள்ளைகளுக்குத்தான் தொல்லை.

முடிவுகளை நாங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை. கிணற்றுக்காரரிடம் மட்டும் அவருடைய அளவைச் சொன்னோம். 45க்கு மேல் தெரிந்த ஐந்து இடங்களை எண்ணாகக் குறித்து, தலைமையாசிரியர் கையெழுத்துடன் ஊராட்சிக்குக் கடிதம் கொடுத்தோம். ஊராட்சிகளுக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் கள ஆய்வுப் பெட்டி கொடுக்கப்பட்டிருக்கிறது. அதிலும் நைட்ரேட் சோதனை உண்டு. எங்கள் ஊராட்சிப் பெட்டியில் அந்த வினைபொருளின் காலாவதித் தேதி முடிந்திருந்தது. புதியது கேட்டு எழுதியிருக்கிறார்கள். அது வரும்வரை ஐந்து மாதிரிகளையும் மாவட்ட ஆய்வகத்துக்கு எடுத்துப்போகும் பேருந்துச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்றுக்கொண்டது.